ஊசிக்குப் பயம், பொட்டல மாத்திரைக்குப் பயமில்லையா?

கேள்வி: வயது 63. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். உடம்பு ஊதிவிடும், முகத்தில் முடி முளைக்கும், பழக்கமாகிவிடும், கடைசியில் எலும்பே கரைந்து படுத்த படுக்கையாகிவிடுவேன் என்று வீடியோக்களைப் பார்த்துவிட்டு மகள் தடுக்கிறாள். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகளால்தான் ஆறு மாதமாக நடமாடுகிறேன். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம் அம்மா. அந்த ஊசியால் நீங்கள் படுக்கையில் விழப்போவதில்லை. ஓர் ஊசியில் உடம்பு ஊதாது, முடி முளைக்காது, பழக்கமும் ஆகாது. வீடியோவில் பேசுகிறவர் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

எலும்பு கரையும் என்ற பேச்சில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. ஊசிக்குப் பின் சில மாதங்களில் மூட்டு வேகமாகச் சிதைந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, அளவு கூட்டியும் திரும்பத் திரும்பவும் போட்டுக்கொண்டவர்களிடம் அது அதிகம். அதனால்தான் ஊசிக்கு முன் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுக்கிறோம், அடுத்த ஊசிக்கு மூன்று மாதமாவது இடைவெளி விடுகிறோம். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்க்காது. சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள் வலியைத் தணிக்கும். அந்த நாட்களில் பிசியோதெரபிஸ்டிடம் போய்த் தொடை, பிட்டத் தசைகளை வலுவாக்கிக்கொள்ள வேண்டும்.

இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. அதன் முன்னால் பெரிய இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. தடவிப் பார்த்து ஊசி போடுகிற இடமல்ல. அல்ட்ராசவுண்டிலோ எக்ஸ்ரே திரையிலோ ஊசிமுனையைப் பார்த்துப் போடுகிறவரிடம் மட்டும் போங்கள். மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. சர்க்கரை சில நாட்கள் ஏறும். ஒரு வாரம் வீட்டிலேயே பரிசோதியுங்கள். இப்போதே கட்டுக்குள் இல்லையென்றால், முதலில் அதைக் கொண்டுவந்த பிறகே ஊசி.

நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: மூட்டுக்குள் கிருமி புகுவது. ஊசி போட்ட ஓரிரு நாட்கள் வலி கூடலாம். ஐஸ் ஒத்தடம் போதும், மூன்றாம் நாள் தணிந்துவிடும். தணியாமல் ஏறிக்கொண்டே போனால், காலை ஊன்ற முடியாவிட்டால், படுக்கையில் காலைச் சற்றுத் திருப்பினாலே கத்துமளவு வலித்தால், மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். ஸ்டீராய்டு அதை மறைத்துவிடலாம். இது அரிது. வந்தால், சில நாட்களிலேயே சீழ் மூட்டை அரித்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றிரவே எலும்பு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்றே தெரியாமல் போய்விடும்.

இனி அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபம் அதன்மேல்தான். அப்படிக் கொடுக்கும் பொட்டலங்களில் வலி மாத்திரையோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருப்பதுண்டு. மகள் பயப்படுவதெல்லாம் அப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் வருவதுதான்! வலி மாத்திரை, சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். தொடர்ந்து விழுங்கும் ஸ்டீராய்டு, தொடை எலும்பின் பந்து முனைக்கு இரத்த ஓட்டத்தைக் குறைத்து அதைச் செத்துப்போக வைக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். அப்படி இருந்தால் சிகிச்சையே மாறும். ஆகவே ஊசிக்கு நாள் குறிப்பதற்கு முன் மிச்சமிருக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். பயந்துபோய் நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.