விருப்ப விலகல் திட்டம்: கையெழுத்துக்கு முன் கடன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

கேள்வி: பதினேழு ஆண்டுகளாக ஒரு தனியார் வங்கியின் கிளைச் செயல்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். மறுசீரமைப்பை ஒட்டி, 24 மாதச் சம்பளத்துடன் விருப்ப விலகல் திட்டத்தை வங்கி அறிவித்து, முடிவெடுக்க ஒரு மாத அவகாசம் தந்துள்ளது. ஊழியர் சலுகை வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. ஏற்பதா, காத்திருப்பதா?

பதில்: 24 மாதச் சம்பளம் என்ற எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கடன் ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். மற்றத் துறையினருக்குப் பெரும்பாலும் இல்லாத சிக்கல் இது. ஊழியர் பணியிலிருந்து விலகியதும் சலுகை நின்று, கடன் சாதாரண வாடிக்கையாளருக்குரிய வட்டிக்கு மாறும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. நிலுவை முழுவதையும் இழப்பீட்டுத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை தருபவையும் உண்டு. கடன் பாக்கி உங்களுடைய 60 மாதச் சம்பளத்துக்குச் சமம், இரண்டு வட்டிகளுக்கும் இடைவெளி 3 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் கூடுதல் வட்டியாகப் போய்விடும். ஆகவே, சலுகை வட்டி சில ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்று எழுத்துமூலம் கேளுங்கள். மனிதவளப் பிரிவு வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்பிக் கையெழுத்திட வேண்டாம் (வாடிக்கையாளர்களுக்கு நீங்களே பலமுறை சொல்லியிருக்கக்கூடிய அறிவுரைதான்).

பணிக்கொடை அந்த 24 மாதத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும், வரிப் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்பதையும் கேட்டறியுங்கள்.

காத்திருப்பதா என்பது, உங்கள் வங்கி எதைக் குறைக்கிறது என்பதைப் பொறுத்தது. 2019-இல் 18,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்த ஜெர்மனியின் டாய்ச்சு வங்கி, பங்கு வர்த்தகத் தொழிலிலிருந்தே பெருமளவு வெளியேறியது. அத்தகைய சூழலில் தனிமனிதத் திறமை வேலையைக் காப்பாற்றுவது அரிது. 2024 ஜனவரியில் 20,000 பணியிடக் குறைப்பை அறிவித்த அமெரிக்காவின் சிட்டி வங்கி, நிர்வாக அடுக்குகளை 13-இலிருந்து 8 ஆகச் சுருக்கும் மறுசீரமைப்பில் இருந்தது. செயற்கை நுண்ணறிவைக் காரணம் காட்டி, மூன்றாண்டுகளில் சுமார் 4,000 பணியிடங்கள் குறையும் என்று 2025 பிப்ரவரியில் கூறிய சிங்கப்பூரின் டி.பி.எஸ்., அவை ஒப்பந்த, தற்காலிகப் பணியிடங்கள் என்றும் நிரந்தர ஊழியர்களுக்குப் பாதிப்பில்லை என்றும் தெரிவித்தது. மூன்றிலும் ஆபத்து வெவ்வேறு ஆட்களுக்கு.

உங்கள் கிளையின் காசோலைத் தீர்வுப் பணியும் கணக்குத் தொடக்கச் சரிபார்ப்பும் ஏற்கெனவே மையச் செயலாக்க அலுவலகத்துக்குப் போய்விட்டன என்றால், காத்திருப்பதில் பயன் குறைவு என்பதே என் கருத்து. அடுத்த சுற்றில் தொகை கூடும் என்று நம்புவதற்கும் அடிப்படை இல்லை. மாறாக, பணமோசடித் தடுப்பு, மோசடிக் கண்காணிப்பு, வாராக்கடன் வசூல் ஆகியவற்றில் உங்களுக்கு அனுபவம் இருந்தால், விலகல் படிவத்தைத் தொடுவதற்கு முன் வங்கிக்குள்ளேயே அந்தப் பிரிவுகளுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பியுங்கள். கட்டாய ஆட்குறைப்புக்குச் சட்டப்படி அறிவிப்புக் காலமும் குறைந்தபட்ச இழப்பீடும் பல நாடுகளில் உண்டு; அதை விட விருப்பத் திட்டம் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்பதே ஒப்பிட வேண்டிய தொகை. விலகல் ஒப்பந்தத்தில் வங்கிமீது பின்னாளில் வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடும் பிரிவு பெரும்பாலும் இருக்கும் என்பதால், ஒரு மாத அவகாசம் முடிவதற்குள் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.