தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் உதைபந்தாட்ட அணியை ஏன் வாழ்நாள் முழுக்க ஆதரிக்கிறீர்கள்? அணி மாறலாமே?

கேள்விக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "வெல்லும் அணிக்கு மாற யாரும் காசு கேட்கப்போவதில்லை, பிறகேன் இந்த வேதனை? பிள்ளைகளுக்கும் இதையே பழக்குவீர்களா?" நியாயமான கேள்விகள்தான். என் அணி சண்டர்லாந்து. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிற ஊர். நான் கிளிநொச்சிக்காரன். அந்த ஊரை இதுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் 1998இலிருந்து எனக்கு வேறு அணி கிடையாது.

நான் அவர்களை அவர்கள் தோற்ற நாளில்தான் தெரிந்துகொண்டேன். அதனால் தோல்வி வந்து எனக்கும் அவர்களுக்கும் இடையிலுள்ளதை உடைக்க வழியில்லை. சுருக்கமான பதில் இதுதான். நீளமான பதில் மல்லாவியில் தொடங்குகிறது.

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் இருந்தோம். மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோவில் வானொலி பேசும். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சோர்ந்து போகும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஆங்கில ஆசிரியர். தமிழோசை முடிந்ததும் பி.பி.சி.யின் ஆங்கிலச் செய்தியையும் பிடிப்பார். இரண்டையும் கேட்டால்தான் நடந்தது முழுதாக விளங்கும் என்பார். சுற்றுவது என் வேலை. பெரியவர்களுக்குப் போர்ச் செய்தி வேண்டும். எனக்குக் கடைசியில் வரும் விளையாட்டுச் செய்தி வேண்டும்.

அப்படித்தான் 1998 மே மாதம் ஒரு முடிவு காதில் விழுந்தது. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த போட்டி. சார்ல்டனும் சண்டர்லாந்தும் 4-4. பெனால்டியில் சார்ல்டன் 7-6. வென்றவர்களுக்கு முதல் நிலையான பிரீமியர் லீக், தோற்றவர்கள் இரண்டாம் நிலையிலேயே இன்னொரு வருடம்.

"ஏழுக்கு ஆறா? அப்ப எல்லாரும் அடிச்சவங்களோ?" என்று மாமாவைக் கேட்டேன்.

"கடைசியா ஒருத்தன் விட்டிட்டான் போல" என்றார். அவருக்குக் கிரிக்கெட்தான், உதைபந்தாட்டத்தில் பெரிய ஈடுபாடு இல்லை.

எனக்கு அன்றிரவு முழுக்க அந்த ஒருவனைப் பற்றித்தான் யோசனை. நாளைக்கு அவன் எப்படி ஊருக்குள் போவான்? நாங்கள் வெறுங்காலோடு விளையாடுகிற சின்னப் போட்டியில் பெனால்டி விட்டாலே இரண்டு நாள் ஒழுங்கைக்குள் தலை காட்ட முடியாது. அவனுக்கு அங்கே எத்தனையாயிரம் பேர்!

அவர் பெயர் மைக்கேல் கிரே என்பதெல்லாம் பிற்காலத்தில் தெரிந்தது. முதல் பதின்மூன்று உதைகளும் கோல், பதினான்காவது அவருடையது. அவர் சண்டர்லாந்திலேயே பிறந்தவர். எதிரணிக்காக மூன்று கோல் அடித்த கிளைவ் மெண்டோங்காவும் அதே ஊரில் வளர்ந்தவர். ஒரே ஊரின் இரண்டு பிள்ளைகள், ஒரே மாலை, ஒருவர் எதிரணியில் நின்று மூன்று அடிக்கிறார், மற்றவர் கடைசி உதையை விடுகிறார். உதைபந்தாட்டத்தில் இவ்வளவு கொடுமையான மாலை எனக்கு வேறு தெரியாது.

அடுத்த பருவம் சண்டர்லாந்து 105 புள்ளிகளோடு அந்தப் பிரிவின் முதலிடத்தில் முடித்து மேலே போனது. கிரேயும் அந்த அணியில் இருந்தார். 1999இல் இங்கிலாந்து அணிக்கும் விளையாடினார். அவர் ஊருக்குள் போனார், தலை நிமிர்ந்து போனார். அதைக் கேட்ட பிறகு நான் வேறு அணியைத் தேடவில்லை.

மேலே போன புதிதில் நல்ல காலம்தான். 1999–2000 பருவத்தில் கெவின் பிலிப்ஸ் லீக்கில் மட்டும் 30 கோல் அடித்து ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கப் பாதணியை வாங்கினார். இரண்டு வருடம் தொடர்ந்து ஏழாம் இடம். அதற்குப் பிறகு சரிவு. 2002இல் ஏ9 பாதை திறந்து பத்திரிகைகள் ஒழுங்காக வரத் தொடங்கின. நான் ஆசையோடு புள்ளிப் பட்டியலைத் தேடிப் படிக்க ஆரம்பித்த அதே பருவத்தில் அவர்கள் கடைசிப் பதினைந்து லீக் போட்டிகளையும் வரிசையாகத் தோற்று 19 புள்ளிகளோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். ஏறி வந்து 2005–06இல் 15 புள்ளிகளோடு மறுபடி இறங்கினார்கள். பிரீமியர் லீக்கில் அதுவரை யாரும் அவ்வளவு குறைவாக எடுத்ததில்லை.

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரை அறியாமல் அந்த அணியை விளங்கிக்கொள்ள முடியாது.

சண்டர்லாந்து கப்பல் கட்டிய ஊர், நிலக்கரி தோண்டிய ஊர். கடைசிக் கப்பல் தளத்தை 1988இல் மூடினார்கள். வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த நிலத்தில்தான் இன்றைய மைதானத்தைக் கட்டி 1997இல் திறந்தார்கள். வெளியே சுரங்கத் தொழிலாளர் கொண்டுபோகும் டேவி விளக்கைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். தாத்தா நிலத்துக்கடியில் இறங்கிய இடத்திலேயே பேரன் இருக்கை பிடித்து உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான்.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். சம்பள நாளில் பரந்தன் சந்திக் கடைகளில் நிற்க இடமிருக்காது என்பார். போர் வந்து ஆலை நின்றது, வேலையும் போனது. ஆலை நின்ற பிறகும் அவர் தன்னைத் தொழிற்சாலைக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டார். சண்டர்லாந்தின் கதையை முதன்முதலில் விரிவாகப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. வேலை போன ஒரு ஊருக்குச் சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் ஒன்றாகப் போக ஓர் இடம் மிஞ்சியிருந்தது. பரந்தனுக்கு அது கிடைக்கவில்லை. அந்த மக்கள் ஏன் தோற்கும் அணிக்காகக் குளிரில் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2008–09 பருவத்தில் அவர்கள் மறுபடி பிரீமியர் லீக்கில் இருந்தார்கள். எனக்கு அந்தப் பருவத்தின் ஒரு போட்டியும் தெரியாது. நாங்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய்க்கொண்டிருந்தோம். அதற்கு அப்பால் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. முடிவில் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். ஒருநாள் மாமா தண்ணீர் வரிசையிலிருந்து திரும்பி வந்தார். யாரிடமோ கேட்டு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாள் ஒன்று அவர் கையில் மடித்து இருந்தது. வாளியை வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உன்ர ஆக்கள் தப்பியிட்டாங்கள், தம்பி."

20 அணிகளில் சண்டர்லாந்து 16ஆம் இடம், 36 புள்ளி. மே 24ஆம் தேதி கடைசிப் போட்டியில் செல்சியிடம் 3-2 என்று தோற்றும் இறங்காமல் தப்பியிருந்தார்கள். அயலூர்க்காரரான நியூகாசிலும் மிடில்ஸ்பரோவும் அன்று இறங்கிப்போயின. போர் முடிந்து ஒரு கிழமைகூட ஆகாத நாள் அது. அந்த நேரத்தில் இதெல்லாம் ஒரு செய்தியா என்று யாரும் கேட்கலாம். எனக்கு அது செய்திதான். எங்கள் வீடு, மரங்கள், மாட்டுக்கொட்டில், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டு வந்திருந்தோம். நான் சின்ன வயதில் விரும்பிய ஒன்று, வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்று அந்தத் தாள் சொன்னது. உதைபந்தாட்டத்தில் அக்கறையே இல்லாத மனிதர் அதை எனக்காகக் கேட்டு வாங்கி வந்ததையும் நான் மறப்பதற்கில்லை.

மீள்குடியேறி, கண்ணிவெடி அகற்றி, மின்சாரம் வந்து, கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் காலமும் வந்தது. அப்போது பார்த்து அணி அதலபாதாளத்துக்குப் போனது. 2017இல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம். 2018இல் அதற்குக் கீழ்ப் பிரிவிலும் கடைசி இடம். அடுத்தடுத்து இரண்டு படி இறங்கி மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டார்கள். இதைப் பொறுத்துக்கொள்வது விசுவாசம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். நான் அந்தக் கட்சியில்லை. கழகத்தைக் கெட்ட முறையில் நடத்தினால் ஆதரவாளன் கோபப்பட வேண்டும், சத்தம் போட வேண்டும். விட்டுப் போகாதவனுக்குத்தான் கோபப்படும் உரிமை முழுதாக இருக்கிறது.

ஆனால் மூன்றாம் நிலைக்கு இறங்கிய அந்த வருடம் நத்தாருக்கு மறுநாள், பிராட்போர்ட் அணியுடனான போட்டிக்கு 46,039 பேர் வந்தார்கள். மூன்றாம் நிலைப் போட்டிக்கு! படத்தில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் இருந்தேன். அந்தப் பருவத்திலேயே இரண்டு முறை வெம்ப்ளிக்குப் போய் இரண்டு முறையும் தோற்றார்கள். முதலில் போர்ட்ஸ்மவுத்திடம் பெனால்டியில். பிறகு சார்ல்டனிடம், தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தில், 94ஆவது நிமிடத்தில் வந்த கோலால். ஆம், அதே சார்ல்டன், இருபத்தொரு வருடம் கழித்து. என்னிடம் அணி மாறச் சொன்னவர்கள் அதிகம் சொன்னது அந்த ஆண்டில்தான்.

2022 மே மாதம், இங்கே மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்தபோது, வைகோம்ப் அணியை 2-0 என்று வென்று மூன்றாம் நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். 2025 மே 24 அன்று பிரீமியர் லீக்குக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்க ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிரான இறுதிப் போட்டி. எங்கள் நேரம் இரவு ஏழரை. முதல் பாதியிலேயே ஒரு கோல் பின்னடைவு. இரண்டாம் பாதியில் மயெண்டா சமன் செய்தார். 95ஆவது நிமிடத்தில் டொமி வொட்சன் பெட்டிக்கு வெளியிலிருந்து தரையோடு ஒரு உதை உதைத்தார். பத்தொன்பது வயதுப் பையன், சண்டர்லாந்தின் இளையோர் அணியில் வளர்ந்தவன், வேறு கழகத்துக்குப் போவது ஏற்கெனவே முடிவாகியிருந்த பிள்ளை. எட்டு வருடங்களுக்குப் பிறகு பிரீமியர் லீக். மாமாவுக்குத்தான் முதலில் அழைப்பெடுத்தேன். "திரும்பவும் ஏறியிட்டாங்களோ?" என்று கேட்டார், காலையில் விளக்கமாகச் சொல் என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

அணி மாறுகிறவர்களில் எனக்குக் குறையில்லை. கிண்ணத்துக்காக ஓர் அணியைப் பிடித்தவர், கிண்ணம் போனதும் வேறிடம் போவது சரிதான். சண்டர்லாந்து கடைசியாக லீக்கை வென்றது 1936இல். கடைசிப் பெரிய கிண்ணம் 1973இல், இரண்டாம் பிரிவு அணியாக இருந்துகொண்டு லீட்ஸை 1-0 என்று வென்ற எஃப்.ஏ. கிண்ணம். நான் அப்போது பிறக்கவே இல்லை. கிண்ணத்துக்காக வந்திருந்தால் நான் ஒரு மாதமும் தாங்கியிருக்க மாட்டேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகள் ஆர்சனல். அவளாகவே தேர்ந்தது, நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். ஓர் அணி மனதில் ஒட்டுவதற்கு அவரவருக்கு ஒரு நாள் வர வேண்டும். 2025 நவம்பரில் சண்டர்லாந்தும் ஆர்சனலும் மோதிய போட்டி எங்கள் நேரத்துக்கு இரவு பதினொன்றுக்குத் தொடங்கியது. இருவரும் விழித்திருந்து பார்த்தோம். ஆர்சனல் 2-1 என்று முன்னிலையில் இருக்க, 94ஆவது நிமிடத்தில் பிரையன் பிராபி சமன் செய்தார். நான் கத்திய கத்தலில் நாய் குலைத்தது, மகள் அழுதாள். காலையில் அவள் ஆர்சனல் சட்டையைப் போட்டுக்கொண்டு ரியூசனுக்கு வெளிக்கிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு முதல் நாள் இரவின் கோலைவிடக் கூடுதல் சந்தோசம்.