பெஞ்சும் ஊர்வம்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் மிடில் கிராமத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்தேன். நான் வேலை பார்க்கும் ஷ்ரூஸ்பரியிலிருந்து பக்கம்தான். கிறிஸ்தவக் கோவில் இருக்கிறது, ஆனால் அந்த ஊர் விவசாயி ரிச்சர்ட் காஃப் முந்நூறு வருடத்துக்கு முன் தன் புத்தகத்தில் எழுதிய அந்த பெஞ்சுகள் இல்லை. ஏமாற்றமாகிவிட்டது. புத்தகத்தையும் வாங்கிப் பாதிவரை படித்தேன். எவன் குடித்தே சொத்தை அழித்தான், எவன் யார் வீட்டு விறகைத் திருடினான் என்று பக்கத்துக்குப் பக்கம் ஊர்வம்பு. இதையா வரலாறு என்கிறீர்கள்? பிறப்பு, திருமணம், இறப்புக்குக் கோவில் பதிவேடு இருக்கிறதே, அது போதாதா?

ஆர்., ஷ்ரூஸ்பரி

அன்புள்ள ஆர்.,

பெஞ்சுகள் இல்லை என்பதை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். கோவிலின் உட்பகுதியைப் பிற்காலத்தில் இடித்துக் கட்டிவிட்டார்கள். எந்தப் பெஞ்சு எங்கே இருந்தது என்று காஃப் வரைந்து வைத்த படம்தான் மிச்சம்.

அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தீர்களா? இல்லையென்று நினைக்கிறேன். அன்றைய இங்கிலாந்து கிராமத்தில் கோவில் பெஞ்சு ஆளுக்குரியதல்ல, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியது. பண்ணை கைமாறினால் பெஞ்சும் கூடவே போகும். முன்வரிசையில் பெரிய நிலக்காரர்கள், அதற்குப் பின்னால் நடுத்தர விவசாயிகள், கடைசியில் குடிசைவாசிகள். காஃப் 1700ல் ஊரின் பழங்கதையை எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டுகளில் இந்தப் பெஞ்சுகளுக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இது எந்த வீட்டுக்கு உரியது, அங்கே யார் யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படிக் கெட்டார்கள் என்று சொல்லிப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உட்கார்ந்து முன்னால் இருக்கும் முதுகுகளைப் பார்த்தபடியே எழுதியது போலிருக்கும்.

பதிவேட்டுக்கு வருகிறேன். 1538ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவிலிருந்து ஒவ்வொரு சேகரமும் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம்; நெல்லை சபைக்காரர்கள் சொல்லும் அதே சேகரம்தான்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். 1837ல் அரசாங்கப் பதிவு தொடங்கும்வரை குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அதைவிட்டால் பெரிதாக வேறு கதியில்லை. அதிலும் சிக்கல் உண்டு. 1752க்கு முன் அங்கே வருடம் பிறந்தது மார்ச் 25ல். 1680 ஏப்ரலில் திருமணம், 1680 பிப்ரவரியில் குழந்தை என்று இருந்தால், கொள்ளுப்பாட்டியின் கற்பைப் பற்றி யாரும் பதறவேண்டாம். அந்தப் பிப்ரவரி திருமணத்துக்குப் பத்து மாதம் கழித்து வந்ததுதான்.

சரி, 1640களில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து 20 பேர் போருக்குப் போனார்கள், 13 பேர் செத்தார்கள் என்கிறார் காஃப். வெளியூரில் விழுந்தவனை சொந்த ஊர் அடக்கப் பதிவேட்டில் எங்கே தேடுவீர்கள்?

அந்தப் போர் மிடிலுக்கே வந்த நாளும் இருக்கிறது. காஃப் அப்போது பள்ளிக்கூடப் பையன். மன்னர் படையைச் சேர்ந்த காலின்ஸ் என்ற அதிகாரி படுக்கை பறிக்க வருகிறான். கொல்லன் சலோனரின் மனைவி மார்கரெட் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல மெத்தையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். முரட்டுத் துணி என்று சொல்லி அதை வாசல் தண்ணீரில் வீசிக் குதிரையை விட்டு மிதிக்கிறான். மறுநாள் அதே கொல்லன் பட்டறையில் குதிரைக்கு லாடம் அடிக்கும்போது எதிரிப்படை வந்துவிடுகிறது. குண்டடி பட்டு, அதே வாசலில், அதே தண்ணீரில் விழுகிறான். உள்ளே தூக்கிப்போய்த் தரையில் கிடத்துகிறார்கள். கீழே போட ஒரு படுக்கை கேட்கிறான். நல்ல படுக்கையைத்தான் நேற்றே பாழாக்கிவிட்டாயே என்கிறாள் மார்கரெட். மன்னித்துவிடு, அதையே போடு என்கிறான். போடுகிறாள். ஜெபம் பண்ணப் போன வாத்தியாரோடு தானும் போனதாகவும், தரையெல்லாம் ரத்தம் ஓடியதைப் பார்த்ததாகவும் எழுதுகிறார் காஃப்.

இனி வம்பு. அன்றைக்கு வம்புக்குக் காசு மதிப்பு இருந்தது. 1601 சட்டப்படி ஏழையைக் காப்பாற்றுவது அவனுடைய சேகரத்தின் பொறுப்பு, அதற்கு ஊரார் வரி கட்டவேண்டும். 1662 சட்டம் வந்தபின், வெளியூர் ஏழையைத் திருப்பி அனுப்பலாம். மணமாகாத வேலைக்காரன் ஒரே சேகரத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தால் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான் என்று 1691ல் ஒரு விதி. அப்படியானால் அவன் எங்கே பிறந்தான், எந்த வீட்டில் எத்தனை மாதம் இருந்தான் என்பதெல்லாம் சாட்சியம். அடுத்த சேகரங்களோடு மிடில் நடத்திய இத்தகைய வழக்குகளைப் புத்தகக் கடைசியில் காஃப் தனியாகவே சொல்கிறார். பெஞ்சுத் தகராறும் அப்படித்தான். கோவில் வரி கட்டாதவர்களும் சின்னப் பையன்களும் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் உட்காருவது அழகல்ல என்று ஒரு முறை ஊர்க்கூட்டம் போட்டே முடிவுசெய்தார்கள். யார் வீடு, யார் இடம் என்று நினைவிருப்பவன்தான் அங்கே வக்கீல்.

அதற்காகக் காஃபை நடுநிலையாளர் என்று சொல்லமாட்டேன். அவரும் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி. முன்வரிசைக்காரன் கெட்டால் குடும்பக் கதையாக எழுதுகிறார், பின்வரிசைக்காரன் கெட்டால் விறகுத் திருட்டு. உங்களுக்கு எரிச்சல் வந்தது அந்த இடங்களில் என்றால், எனக்கும்தான்.

மீதிப் பாதியைப் படத்தோடு படியுங்கள். அடுத்த முறை அங்கே போனால் கோபுரத்தை மட்டும் நின்று பாருங்கள். 1634ல் எழுப்பியது. காஃப் பிறந்தது 1635ல்.