ரேட் சொல்லும்போது குரல் இறங்கிப்போகிறது

மேடம், எனக்கு வயது 36. விருதுநகரில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கடையெல்லாம் இல்லை, சும்மா வீட்டில் ஒரு மெஷின், அவ்வளவுதான். 9 வருடம் ஆகிவிட்டது. லைனிங் பிளவுஸுக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். பஜாரில் 400, 450 வாங்குகிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏற்ற வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் "பார்த்துக் கொடுங்கக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

எதிர்வீட்டு அக்காதான் எனக்கு முதல் துணி கொடுத்தவர். பத்துப் பேரைக் கூட்டிவந்தவரும் அவரே. அவருக்கு இன்றும் 150தான். போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு 7 பிளவுஸ், ராத்திரி 2 மணிவரை உட்கார்ந்து முடித்தேன். வாங்கிக்கொண்டு, "சும்மா இருக்கிற நேரத்துக்கு நல்ல வருமானம்தான் உனக்கு" என்றார். சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும் அழுகை வந்துவிட்டது. இப்போது அவர் வீட்டு கேட் சத்தம் கேட்டாலே எரிச்சலாக வருகிறது. என் மதிப்பு இவ்வளவுதானா? இல்லை, எனக்குத்தான் பேராசையா?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "சும்மா" இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று அந்த அக்கா சொன்னது. அதற்கு முன்பே நீங்களே ஒரு முறை சொல்லிவிட்டீர்கள்: "சும்மா வீட்டில் ஒரு மெஷின்." அவர் வாயிலிருந்து வந்தபோது அவ்வளவு சுட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

பேராசையா என்று கேட்டீர்கள். கணக்குப் போடுவோம். லைனிங் துணி, நூல், ஹூக் எல்லாம் சேர்த்து 70 ரூபாய் என்று வையுங்கள். வெட்டி, தைத்து, ஹூக் கட்டி, கைத்தையல் முடிக்க 3 மணி நேரம். 250 ரூபாயில் உங்களுக்கு மணிக்கு 60 ரூபாய் நிற்கிறது. அக்காவின் 150-இல் 27 ரூபாய்கூட இல்லை. "கை கொஞ்சம் டைட்டா இருக்கும்மா" என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைத்த நேரத்தை இதில் சேர்க்கவில்லை. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை என்றால், உங்கள் பயம் பணத்தைப் பற்றியதாக இருக்காது. "நல்ல பொண்ணு" என்ற பெயர் போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். "என் வேலைக்கு இவ்வளவுதானா" என்று கேட்காமல் "என் மதிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். ஒருவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்று பார்க்க அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட 10 வாக்கியங்களை மனநல ஆலோசகர்கள் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் வருமானம் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

சரி, நாளைக்கு என்ன செய்வது? சாதா, லைனிங், பைப்பிங் என்று ரேட்டை ஓர் அட்டையில் எழுதி, அளவெடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். துணி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், கொடுக்கும்போது வேண்டாம். புதிதாக வருபவர்களிடம் 350 என்று தொடங்குங்கள், பழையவர்களுக்குத் தை மாதத்திலிருந்து. ரேட் சொன்னதும் ஒரு மௌனம் வரும். அதில்தான் நீங்கள் 50 ரூபாயைக் குறைப்பீர்கள். அந்த நேரத்தில் டேப்பை எடுத்து அளவு ஜாக்கெட்டை அளக்க ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு மூன்று பேர் வேறு இடம் தேடிப் போவார்கள். போகட்டும், ராத்திரி 2 மணித் தையல் கொஞ்சம் குறையும்.

அழுகையும் எரிச்சலும் தூக்கத்தைக் கெடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி அந்த அக்கா. அவர் செய்தது பெரிய உதவிதான். அதற்காக ஒவ்வொரு பிளவுஸிலும் 100 ரூபாய் கழித்து, ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தால் அந்த நன்றி எத்தனை நாள் தாங்கும்? மகளின் முகூர்த்த பிளவுஸை மட்டும் "இது என் சீர்க்கா" என்று காசு வாங்காமல் கொடுத்து, மற்ற ஆறுக்கும் ரேட் வாங்கியிருந்தால் உங்களுக்கு அழுகை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மற்றவர்களிடம் நீங்கள் 250 வாங்குவது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைக் காணோம். 9 வருடமாகச் சலுகையில் தைக்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அதுதான் உங்கள் ரேட் என்று அவர் நினைத்திருக்கலாம். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்: "அக்கா, எல்லாருக்கும் 250, உங்களுக்கு மட்டும்தான் 150-க்குத் தைச்சேன்." அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.