ஜிரோனா, மென்தோன், மோதெனா: முதலில் மேசை, பிறகு அறை

ஜூனில் ஸ்பெயினின் ஜிரோனா, பிரான்சின் மென்தோன், இத்தாலியின் மோதெனா என ஏழு நாள் கார்ப் பயணம், அறைகள் போட்டாயிற்று, உணவகங்களில்தான் இடமில்லை என்கிறீர்கள். ரத்து செய்ய முடிகிற அறைகளை இப்போதே ரத்து செய்துவிடுங்கள். மேசை கிடைக்கும் தேதியை வைத்துத்தான் வழி போட வேண்டும்.

ஜிரோனாவில் எல் செயெர் தெ கான் ரோகா உணவகம் 11 மாதம் முன்பே முன்பதிவைத் திறந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். மதிய உணவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மோதெனாவில் ஒஸ்தேரியா பிரான்செஸ்கானா உணவகம் கிடைக்காவிட்டால், அதை நடத்தும் சமையல் கலைஞர் மாசிமோ பொத்தூராவின் விருந்தினர் இல்லமான காசா மரியா லூயிஜியா ஊருக்கு வெளியே இருக்கிறது. பிரான்செஸ்கானாவின் பழைய புகழ்பெற்ற பதார்த்தங்களை அங்கே சாப்பிடலாம். எனக்கு அது இரண்டாம்பட்சமாகவே தோன்றாது.

மனைவி சைவம் என்றீர்களே, மென்தோனின் மிராசூர் உணவகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் சமையல் கலைஞர் மௌரோ கொலாக்ரேகோவின் சமையலே சொந்தத் தோட்டத்தை ஒட்டியது. சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

ஜிரோனா–மென்தோன் சுமார் 600 கி.மீ. ஓட்டிய அன்றைக்கே மூன்று மணி நேர விருந்து வேண்டாம். பிரான்ஸ், இத்தாலியில் ரத்த மது வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்தான்; ஒயினோடு சாப்பிடுவதென்றால் நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். ஞாயிறு, திங்களில் பல இடங்கள் மூடியிருக்கும், அவை ஓட்டுவதற்கான நாட்கள்.