போன் ஒட்டுக்கேட்கிறதா, மெஷின் தப்பு செய்யுமா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கு மேல் சர்வர் அறைகளில் காலம் தள்ளியவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட பக்கத்து இலைக்காரர் போனை நீட்டிவிடுவார். "இதைக் கொஞ்சம் பாருங்களேன்!" ரசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இந்தத் தடவை எழுதியே கேட்கச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் இருக்கிறது. கேட்ட விஷயம் அப்படி, நியாயம்தான்.

ஈரோடு: சார், மிக்ஸி ஜார் உடைந்ததைப் பற்றி நானும் வீட்டுக்காரியும் ராத்திரி சாப்பிடும்போது பேசினோம். காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் மிக்ஸி விளம்பரம். போன் ஒட்டுக்கேட்காமல் இது எப்படி நடக்கும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்து, 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. சிக்கியது வேறொன்று. நாம் திரையில் செய்வதைப் படம் பிடித்து, நமக்குச் சொல்லாமல் வெளி நிறுவனங்களுக்கு அனுப்பிய சில ஆப்கள்!

மிக்ஸிக்கு வருவோம். ஜார் உடைந்த கையோடு வீட்டில் யாராவது ஒருவர் "மிக்ஸி ஜார் விலை" என்று தேடியிருப்பார். கேட்டுப் பாருங்கள். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்கின்றன, ராத்திரி ஒரே இடத்தில் தூங்குகின்றன, இரண்டும் ஒரே வீடு என்பது விளம்பரக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அப்புறம் இன்னொன்று, அன்றைக்கு வந்த மெத்தை விளம்பரமும் ஃபிளாட் விளம்பரமும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. மிக்ஸி மட்டும்தான் பட்டது.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? ஆண்ட்ராய்டு 12-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் மைக் ஓடினால் மேல் மூலையில் பச்சைக் குறி வரும், ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி. செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். டார்ச்லைட் ஆப்புக்கு எதற்கு மைக்?

தென்காசி: அண்ணா, குடும்ப குரூப்பில் ஒரே சண்டை. எல்லோரும் வாட்ஸ்அப்பை விட்டு 'அரட்டை' ஆப்புக்கு மாற வேண்டும், நம்ம ஊர் கம்பெனி என்கிறார் சித்தப்பா. வாட்ஸ்அப்தான் பாதுகாப்பு என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

தம்பி பேசுவது பூட்டைப் பற்றி. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனை எல்லோருக்கும் கொண்டுவந்தது. அனுப்புபவர் போனில் பூட்டினால் வாங்குபவர் போனில்தான் திறக்கும், நடுவில் இருக்கும் கம்பெனியாலும் படிக்க முடியாது. ஆனால் தபால்காரருக்குக் கடிதத்தைப் பிரிக்காமலே எவ்வளவு தெரியும்? எந்த வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கடிதம், எந்த ஊரிலிருந்து என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்ற அந்தக் கணக்கு வாட்ஸ்அப்பின் சொந்தக்கார கம்பெனியான மெட்டாவின் கையில் இருக்கிறது. 2021-இல் கொண்டுவந்த பிரைவசி பாலிசியை 'ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு' என்று திணித்ததற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப் விஷயத்தையும் தம்பி மறந்திருப்பார். அதற்கும் பூட்டு உண்டு, 2021-லிருந்தே உண்டு, ஆனால் நாமாகப் போய்ப் போட வேண்டும். போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

சித்தப்பா பேசுவது ஆளைப் பற்றி. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அரட்டையை நடத்தும் ஸோகோ விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி இல்லை, மென்பொருள் விற்றுச் சம்பாதிக்கும் கம்பெனி. நம் பேச்சைத் துருவிப் பார்க்க அதற்கு வியாபாரக் காரணம் குறைவு. சரி. ஆனால் 2021-இல் வந்த அரட்டைக்கு 2025 செப்டம்பரில் திடீரென்று கூட்டம் அலைமோதியபோது, அதில் போன் அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கொண்டுவருவோம் என்று சொன்னார்கள். 'நம்ம ஊர்' என்பது பாசத்துக்கு நல்ல காரணம். ஆனால் ஒரு சர்வரை யாராவது உடைத்தால், உடைத்தவனுக்கு அது எந்த ஊர் என்பதில் அக்கறை இருக்காது.

நான் என்ன செய்வேன் என்றால், எந்த ஆப்பாக இருந்தாலும் ஒரு உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தட்டி, என்க்ரிப்ஷன் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பாஸ்புக் போட்டோ அனுப்புவேன். இல்லாவிட்டால் காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

மதுரை: ஜவுளிக்கடையில் போன் நம்பர் கொடுக்காமல் பில் போட முடியாது என்கிறார்களே?

முடியும். நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொல்லிவிட்டது. கவுன்டரில் நிற்கும் பெண்ணோடு சண்டை போடாதீர்கள், அவருக்கு அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. "கடை நம்பரையே போட்டுக்கங்க" என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

திருவண்ணாமலை: கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடுகிறேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் சிலர் முறைக்கிறார்கள். வாங்குவது தப்பா?

அடையாளம் கேட்பது தப்பில்லை. ஆதாரைத்தான் கேட்பேன் என்றால்தான் சிக்கல். டிரைவிங் லைசென்ஸ் போதும், வாக்காளர் அட்டை போதும். ஆதாரையே கொடுத்தாலும், முதல் 8 எண்களை மறைத்துக் கடைசி 4 மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஜெராக்ஸ்களை பஜ்ஜி மடிக்கப் போட்டுவிடாதீர்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 மே 27-ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், "கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்" என்று எச்சரித்தது. ஜனங்கள் பதறிப்போக, இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி அரசே அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கியது. முதலில் சொன்னதுதான் சரியான அறிவுரை. வாபஸ் வாங்கியதில்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் கூடியது.

கொடுக்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. பிரவுசிங் சென்டரில் இ-ஆதார் பிரின்ட் எடுத்தால், அந்த பிடிஎஃப் அங்கேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருமுனைக் கடையில் எட்டிப் பார்த்தேன், திரை முழுக்க வரிசையாக இ-ஆதார். பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. கடைக்காரர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டுத்தானே அதைத் திறந்தார்? வெளியே வருமுன் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். அப்படியே ஆதாரில் உங்கள் கைரேகையையும் கண்விழியையும் யாரும் பயன்படுத்த முடியாமல் பூட்டும் பயோமெட்ரிக் லாக்கைப் போட்டுவிடுங்கள். பத்திரப்பதிவுத் தாள்களில் இருந்த கைரேகையை அச்செடுத்து, ஆதார் வழியாக வங்கிப் பணம் எடுத்த வழக்குகள் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் நடந்திருக்கின்றன.

நாகப்பட்டினம்: அம்மாவுக்கு 68 வயது. மீன் சுத்தம் செய்து செய்து விரல் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. "மெஷின் தப்பு பண்ணாதும்மா" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலில் வேலை ஆக வேண்டும். விரலை மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்விழி ஸ்கேன் இருந்தால் கேளுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்தால் சில சமயம் சரியாகும். அம்மாவால் போகவே முடியாவிட்டால், வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மறுத்தால் 1967-க்குப் புகார் சொல்லுங்கள்.

"மெஷின் தப்பு பண்ணாது" என்ற அந்த வாக்கியத்துக்கு மட்டும் தனியாக ஒரு பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் தபால் துறை 1999-லிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு என்ற கம்பெனி கொடுத்தது. சிறிய ஊர்களில் தபால் நிலையம் நடத்தியவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. "நாங்கள் எடுக்கவில்லை, மெஷினில் ஏதோ கோளாறு" என்றார்கள். மெஷின் சரி, நீங்கள்தான் திருடினீர்கள் என்று 900-க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றம் நிரூபிக்கப்பட்டது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை விற்றுக் கட்டினார்கள், தற்கொலைகளும் நடந்தன. அங்கே சட்டமும் கணினி சரியாக இயங்கியது என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். சரியாக இயங்கவில்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் கேள்வி எழுப்ப வேண்டும். கிராமத்தில் தபால் நிலையம் நடத்துபவர் எங்கே போய் எழுப்புவார்? மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. மெஷின் ஒத்துக்கொள்ளாமல் அவர் அரிசி போட்டால் இருப்புக் கணக்கில் அவர் தலைதான் உருளும். உங்கள் அம்மாவை நம்ப அவருக்கு அதிகாரமே கொடுக்கப்படவில்லை.

சேலம்: 'கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தது. தொட்டுவிட்டேன். என்ன செய்ய?

தொட்டதோடு நிறுத்தினீர்களா, இன்ஸ்டால் கொடுத்தீர்களா? இன்ஸ்டால் ஆகியிருந்தால் உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930, இன்றைக்கே, இப்போதே. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பை ஏற்றும் ஃபைல்; அந்த ஆப் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும், அதுதான் அதன் தொழில். அப்புறம் போனை ரீசெட் செய்யுங்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகேயாக வராது.

கோவை, கல்லூரி மாணவர்: ஓப்பன் சோர்ஸ் என்றால் கோட் எல்லோரும் பார்க்கலாம். அப்படியானால் அது பாதுகாப்புதானே அண்ணா?

பார்க்கலாம் தம்பி. பார்க்கிறார்களா?

எக்ஸ்இசட் கதை தெரியுமா? லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஃபைலைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி. ஓய்வு நேரத்தில் ஒருவர் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். 2024 தொடக்கத்தில் அதில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். பரவியிருந்தால் உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குள் அவர் நினைத்தபோது நுழைந்திருக்கலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின், அதாவது தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி, அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! நம்மில் பலர் டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார், மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார்.

கோட் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது, அது உண்மை. திறந்திருந்த அதே கோட்டைத்தான் அதுவரை யாரும் பார்க்கவில்லை, அதுவும் உண்மை.

கும்பகோணம்: பிரவுசரின் இன்காக்னிடோ விண்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

வீட்டில் அடுத்து அந்த போனை எடுப்பவருக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியலாம்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லாதபோது பிரைவசி எனக்கு எதற்கு?

ஐயா, உங்களிடம் இல்லை, சரி. உங்களைப் பற்றிய தகவல் இருக்கும் இடங்களில் என்ன நிலைமை என்று என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டை எஸ்எம்எஸ்ஸில் லிங்க்காக அனுப்பினார்கள். தட்டினால் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்தது. லிங்க்கின் கடைசியில் ஓர் எண். தொழில் புத்தி, ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணின் பெயர், வயது, போன் நம்பர், கர்ப்பப் பரிசோதனை முடிவு. உடனே மூடிவிட்டேன், கை நடுங்கியது. அந்தப் பெண் அதை வீட்டில் சொல்லியிருந்தாரோ இல்லையோ? பரிசோதனை நிலையத்துக்கு போன் செய்தால், "சாஃப்ட்வேர் வேற கம்பெனி சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். மூன்று மெயில் போட்ட பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் லிங்க்கில் ஓடிபி கேட்க ஆரம்பித்தது. ஏற்கெனவே வேறு யாராவது பார்த்தார்களா என்பதற்குப் பதிலே வரவில்லை.

அந்தப் பெண்ணின் மடியிலும் கனமில்லை ஐயா.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். அபராதம் 250 கோடி வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போகும். தகவல் கசிந்தவருக்கு இந்தச் சட்டத்தில் நஷ்ட ஈடு கிடையாது. எனக்கு இதில் கோபம் உண்டு.

பெயர், ஊர் இரண்டும் போடாதவர்: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் போனில் என்ன இருக்கிறது?

சிக்னல் என்ற மெசேஜ் ஆப் இருக்கிறது. அதில் என்னோடு பேசுவது மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவர் நான் வற்புறுத்தி ஏற்றிவிட்ட மச்சான். வாட்ஸ்அப்பும் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும் நேரத்தை அதில்தான் போடுகிறார்கள். எடுத்துவிட்டால் குடத்தோடு நான்தான் கடைசியில் நிற்க வேண்டும்.