கோந்து காயும் நேரத்தில்தான் மற்றதெல்லாம்

கேள்வி: வெட்டிய பாகங்களோடு வரும் கிட் வாங்காமல் மாடல்களை முழுக்கச் சொந்தமாகச் செய்பவர்கள், மற்ற கைவேலைகளையும் வீட்டு ரிப்பேரையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் நேரம் ஒதுக்குவதே இல்லை. ஒதுக்கிப் பார்த்து, இரண்டே வாரத்தில் கைவிட்டேன்.

பாளையங்கோட்டைக்காரன் நான். 2022-இலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தை அட்டையிலும் சன்போர்டு என்கிற நுரைப் பலகையிலும் செய்துகொண்டிருக்கிறேன். நெல்லையையும் பாளையையும் இணைக்க 1843-இல் வந்த பாலம். 760 அடி நீளம், ஒவ்வொன்றும் 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். முதலில் நூற்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டேன். ஏழரை அடிப் பாலத்தை எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். இருநூற்றில் ஒரு பங்காக்கினேன்: 116 செ.மீ. நீளம், வளைவு ஒன்று 9 செ.மீ.க்குச் சற்று மேல். வளைவுகளுக்கு நடுவே இரட்டைத் தூண் என்பதால் இரண்டு முகத்துக்கும் சேர்த்து 40 தூண். மகளின் மை தீர்ந்த ஸ்கெட்ச் பேனாக்கள் அதற்குத்தான் போகின்றன. மை தீராத சிலவும் போயின, அது வேறு கதை.

ஒரு வளைவை ஒட்டித் துணிக்கிளிப் மாட்டினால் மறுநாள் காலை வரை தொடக் கூடாது, கோணிவிடும். பட்டி பூசினால் அது காயாமல் உப்புத்தாள் போட முடியாது. ஒரு மணி நேரம் வேலை, ஒரு நாள் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில்தான் சைக்கிள், ஃபேன், மிக்சி எல்லாம் நடக்கின்றன.

மரம் கடையவும் ஆசைப்பட்டேன். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான், அதாவது குழந்தைகள் விளையாட்டுச் சாமான், பார்த்த யாருக்கும் வரும் ஆசை. ஆனால் கடைசல் வேலையில் நடுவில் எழுந்திருக்க முடியாது. அரக்கைக் கூடச் சுற்றுகிற மரத்தில் அழுத்தி, அந்த உரசல் சூட்டிலேயே உருக்கிப் பூசுகிறார்கள். காய வைக்கும் இடைவெளியே இல்லாத தொழில், நமக்குத் தோதுப்படாது. விட்டுவிட்டேன்.

ரிப்பேரில் ஒரே கணக்குதான்: வீடு எத்தனை நேரம் தாங்கும்? தண்ணீர் மோட்டார் என்றால் உடனே. பெரும்பாலும் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் குப்பை சிக்கியிருக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ராத்திரிக்குள், 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு எப்போதும் டப்பாவில் உண்டு. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தது ஆச்சி. "பாலம் எங்கயும் ஓடிராதுல, மொதல்ல மோட்டாரப் பாரு" என்றாள் ஒருநாள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மட்டும் மூன்று மாதம் பாலத்தைத் தொடவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு மோட்டார், மிக்சி, டேபிள் ஃபேன் எல்லாம் சேறோடு வந்து இறங்கின. ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டுக் காயிலை எரித்தவர்கள்தான் அதில் பாதி. கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நாள்கணக்கில் வெயிலில் காய வைத்து, காயிலிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசியவில்லை என்று பார்த்த பிறகே லைன் கொடுக்க வேண்டும்.

ஒன்றின் சாமான் இன்னொன்றில் கலப்பதுதான் பெரிய தொல்லை. சைக்கிள் பிரேமுக்கு அடித்த ஸ்பிரே பெயிண்டில் மிச்சம் இருக்கிறதே என்று பாலத்தடியில் வைத்த தெர்மாகோல் கரைமேல் அடித்தேன். கண் முன்னால் கரைந்து குழிந்தது. ஆறு அரித்த கரை மாதிரியே இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன், ஆனால் எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வராது. கிரீஸ் கையோடு அட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. அதனால் இரண்டு பெட்டி, இரண்டு பிளேடு, இரண்டு துணி. மேசை ஒன்றுதான், மேலே பழைய பிளெக்ஸ் விரித்துக்கொள்வேன்.

கலந்து லாபமானது எம்-சீல் என்கிற, பிசைந்து ஒட்டும் பசை மட்டும். டேங்க் பைப் கசிவுக்குப் பிசைந்தால் கொஞ்சம் மிஞ்சும். இறுகிப்போகுமுன் ஓடிவந்து தூண்களின் அடியில் அப்பிவிடுவேன். இதுவரை பைப் ஒழுகிய அளவுக்குத்தான் தூண்களும் நிற்கின்றன.

எட்டாவது வளைவு இப்போது கிளிப்பில் இருக்கிறது. மேசைக்கடியில் மதினி வீட்டு மிக்சி வந்து உட்கார்ந்திருக்கிறது. கப்ளர் போயிருக்கும் என்று நினைக்கிறேன், இன்னும் திறந்து பார்க்கவில்லை.